முதல் டிஎஸ்எல்ஆர்: பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்

உங்கள் கையில் 30,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் விஸ்காம் முதலாண்டு மாணவராக இருக்கலாம். மெக்கானிக்கல் படித்துக்கொண்டே கல்லூரி விழாக்களைப் படமெடுக்கிறவராகவும் இருக்கலாம். பணத்தில் பாதி வீட்டில் கொடுத்தது, பாதி விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்தது. கடைக்குள் நுழைந்ததும் "பட்ஜெட் எவ்வளவு தம்பி?" என்பார்கள். தொகையைச் சொன்னதும், அதற்குச் சற்று மேலே விலை நிற்கிற ஒரு பெட்டி மேசைக்கு வரும்: புது பாடி, 18-55 கிட் லென்ஸ், தோள்பை, ஒரு மெமரி கார்டு, லேசாக ஆடும் டிரைபாட். குறைகிற தொகைக்கு மாதத் தவணை. அந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம். சில வருடம் பழைய பாடி ஒன்றையும், வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்றையும் ஒரே நாளில் வாங்குங்கள். தவணை இல்லாமலே முடியும்.

இதற்குக் காலமும் தோதாக இருக்கிறது. 2018இல் கேனன் ஆர்எஃப் மவுண்டையும் (மவுண்ட் என்பது லென்ஸ் பாடியில் பொருந்தும் இணைப்பு) நிக்கான் இசட் மவுண்டையும் கொண்டுவந்து, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திரும்பிவிட்டன. 2020க்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை. தொழில்முறைக்காரர்கள் ஒவ்வொருவராக மிரர்லெஸுக்கு மாற, அவர்கள் வைத்திருந்த டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இனி மேம்படாத கேமரா வகையில் பணத்தைப் போடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் கற்கப்போவது வெளிச்சத்தையும், நேரத்தையும், எங்கே நிற்பது என்பதையும். அதற்கு இந்த கேமரா நான்கைந்து வருடம் போதும். கேனனின் இஎஃப் லென்ஸ்களைப் பிற்பாடு ஓர் அடாப்டர் போட்டு ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானிலும் மோட்டார் உள்ள லென்ஸ்களுக்கு அதே வசதி உண்டு.

பாடி எவ்வளவு பழையதாக இருக்கலாம்?

பெரும்பாலோர் நினைப்பதைவிடப் பழையதாக இருக்கலாம். கேனன் 2010இல் 550டியில் வைத்தது 18 மெகாபிக்சல். 2011இன் 600டி, 2013இன் 700டி, 2014இன் 1200டி, 2016இன் 1300டி, 2018இன் 3000டி எல்லாமே 18 மெகாபிக்சல்தான். நிக்கானில் 2012இன் டி3200 தொடங்கி 2018இன் டி3500 வரை 24 மெகாபிக்சல் மாறவேயில்லை. டி3300, டி3400, டி3500 மூன்றிலும் ஒரே காட்சியை ஒரே லென்ஸில் எடுத்து அச்சுப் போட்டால், எது எந்த பாடி என்று பிரித்துச் சொல்வது எனக்கே சிரமம். மாணவர்கள் மாடல் எண்ணைப் பார்த்து மயங்குவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. எண் கூடக்கூட அவர்களுடைய படத்தின் தரம் கூடுவதில்லை, செலவுதான் கூடுகிறது.

18க்கும் 24க்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மெகாபிக்சல் படத்தின் அகலம் 5184 புள்ளி, 24இன் அகலம் 6000 புள்ளி. அகலத்தில் வித்தியாசம் 16 சதவீதம்கூட இல்லை. கல்லூரிக் கண்காட்சிக்கு 12க்கு 18 அங்குலத்தில் அச்சடித்தால், 18 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 288 புள்ளி கொடுக்கும். கையில் எடுத்துப் பார்க்கிற அச்சுக்கே அது தாராளம்.

மெகாபிக்சல் பொருட்டில்லை. ஆனால் பாடிகளுக்குள் வேறு சில வித்தியாசங்கள் உண்டு, அவற்றைப் பற்றிக் கடையில் பேச மாட்டார்கள். கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும், ஃபிளாஷ் செருகும் ஹாட்ஷூவின் நடுவே இருக்க வேண்டிய வட்டத் தொடுமுனையை எடுத்துவிட்டார்கள். ஃபிளாஷை வெடிக்க வைக்கிற பொதுவான தொடர்பு அதுதான். அது இல்லாததால், மாணவர்கள் வாங்குகிற விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷும் டிரிகரும் இந்த பாடிகளில் வேலை செய்யாமல் போகலாம். முந்தைய மாடலான 1300டியில் அந்தத் தொடுமுனை இருக்கிறது. போர்ட்ரெய்ட், பொருள் படம், ஸ்டுடியோ வெளிச்சம் என்று ஆசை இருந்தால் பழைய 1300டிதான் உங்களுக்கு நல்லது. 3000டியில் இன்னும் சிலவற்றைக் குறைத்திருக்கிறார்கள்: லென்ஸ் மவுண்ட் பிளாஸ்டிக், வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரம் இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் அந்தச் சக்கரத்தைத் திருப்பித்தான் தங்கள் பார்வைக்கு வியூஃபைண்டரைச் சரிசெய்துகொள்வார்கள். என் கருத்தில் 3000டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

வீடியோவும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கேள்வியே வேறு. நிக்கான் டி3300இல் வெளி மைக் செருகும் துளை இருந்தது. டி3400இலும் டி3500இலும் எடுத்துவிட்டார்கள். கேனன் 1300டி, 1500டி இரண்டிலும் கிடையாது. குறும்படம் எடுக்கிற எண்ணம் இருந்தால் கேனன் 200டியைத் தேடுங்கள். 2017இல் வந்தது, மைக் துளை உண்டு, திரை திரும்பும், டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் இருப்பதால் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறாது. பட்ஜெட்டில் பாடியின் பங்கை ஏற்றலாம் என்று நான் சம்மதிக்கிற ஒரே இடம் இதுதான்.

இன்னொரு வழியும் உண்டு. நிக்கான் டி7000, கேனன் 60டி இரண்டும் 2010இல் வந்த நடுத்தர பாடிகள். கனமானவை. ஆனால் இரண்டு டயல் இருப்பதால் ஷட்டரை ஒரு விரலும் அப்பர்ச்சரை இன்னொரு விரலும் மாற்றலாம். மேனுவலில் பழகுவதற்கு இது பெரிய உதவி. டி7000க்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ்களும் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைப்பதுதான் கடினம், ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை கல்யாண மண்டபங்களில் கடுமையாக உழைத்தவை.

லென்ஸ்

கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐம்பது மி.மீ. பிரைம் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7 வரும். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். மாலையில் கோயில் மண்டபத்துக்குள் தீபாராதனைக்கு நிற்கும் பாட்டியின் முகத்தை எடுக்கிறீர்கள். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்ற வேண்டியிருந்தால் பிரைமில் 640 அல்லது 800 போதும். ஐஎஸ்ஓவைத் தொடாமல் வைத்தால், 1/15 நொடியில் கலங்கிய படம் 1/125இல் தெளிவாக நிற்கும். புதிய பாடிக்கு மாறி இந்தப் பத்து மடங்கைப் பெற முடியாது. ஆட்டோ மோடிலிருந்து மாணவர்கள் தாங்களாக வெளியே வருவதும் இந்த லென்ஸ் வந்த பிறகுதான். பின்னணி கரைவதைப் பார்த்ததும் அப்பர்ச்சர் என்றால் என்னவென்று கைக்குப் புரிந்துவிடுகிறது.

எந்த மி.மீ. என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இந்த பாடிகளின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சின்னது. கேனனில் 1.6, நிக்கானில் 1.5 என்று பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கேனன் பாடியில் ஐம்பது மி.மீ. லென்ஸ் எண்பது மி.மீ. போலப் பார்க்கும். முகங்களுக்கு அருமை. பத்துக்குப் பத்து அறையில் அம்மா சமைப்பதை எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும், அப்போதும் பாதி அடுப்படி விட்டுப்போகும். நிக்கான்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். 2009இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட கண் பார்க்கிற அளவுக்கே பார்க்கும். முகம், தெரு, வீட்டின் உள்ளே, மேடை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். நிக்கான் பாடி வாங்குகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, இதையே வாங்கலாம்.

கேனனில் அதே விலைக்கு அப்படி ஒன்று இல்லை. முகங்களில் நாட்டம் என்றால் ஐம்பது எஃப் 1.8. அதில் 2015இல் வந்த எஸ்டிஎம் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய பதிப்பின் மவுண்ட் பிளாஸ்டிக், மோட்டார் இரைச்சல் போடும், 45 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. எஸ்டிஎம்மில் மவுண்ட் உலோகம், 35 செ.மீ. வரை நெருங்கலாம். தெருவிலும் வீட்டுக்குள்ளும்தான் உங்கள் கண் நிற்கிறது என்றால் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். தட்டையான சின்ன லென்ஸ், கேமரா இருப்பதே பிறர் கண்ணை உறுத்தாது. எஃப் 1.8 அளவுக்கு வெளிச்சம் வராது. இருந்தும் மக்களுக்கு நடுவே நின்று படமெடுக்கிறவர் கையில் நான் பார்க்க விரும்புவது இதைத்தான்.

வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டுமே உதவாது. அவர் பிரைமுக்கு ஒதுக்கிய பணத்தில் செகண்ட் ஹேண்ட் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்கட்டும். கேனன் பாடியில் அது 400 மி.மீ. வரை எட்டும். ஓட்டப்பந்தயம், கபடி என்று வெயிலில் நடப்பவற்றுக்கும் அதுவே.

கிட் லென்ஸை ஒதுக்கிவிட வேண்டாம். பழைய பாடியோடு பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும், 18 மி.மீ. அகலம் கோபுரத்துக்கும் குழுப் படத்துக்கும் வேண்டும். ஒன்றை மட்டும் பாருங்கள்: கேனன் என்றால் லென்ஸின் மேல் ஐஎஸ் என்ற எழுத்துகளும் நிக்கான் என்றால் விஆர் என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். அவை கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியைக் குறிப்பவை. அந்த வசதி இல்லாத 18-55 லென்ஸ்களும் அதே உருவத்தில் சந்தையில் சுற்றுகின்றன.

நிக்கான் வாங்குகிறவருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. "ஐம்பது எஃப் 1.8 டி இருக்கு, மலிவா முடிச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால், அது உங்கள் பாடியில் தானாக ஃபோகஸ் ஆகாது என்பது நினைவில் இருக்கட்டும். ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருக்க வேண்டும். அதிலும் ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. டி3300 என்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு ஆகும். கேனனில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. 1987இல் இஎஃப் மவுண்ட் வந்த நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது.

கேனனா நிக்கானா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. உங்களைச் சுற்றிப் பாருங்கள். துறையின் லென்ஸ் அலமாரியில் எது இருக்கிறது, விடுதியில் பக்கத்து அறைக்காரர் எதை வைத்திருக்கிறார், அக்கா கல்யாணத்தைப் படமெடுத்த அண்ணன் எதைப் பயன்படுத்துகிறார் என்று பார்த்து அதே மவுண்டை வாங்குங்கள். இரவல் லென்ஸ்தான் மாணவப் பருவத்தின் சொத்து. பென்டாக்ஸும் சோனியின் பழைய ஏ மவுண்டும் நல்ல கேமராக்களே. ஆனால் இரவல் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

செகண்ட் ஹேண்ட் கேமராவைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்து வாங்குங்கள். உங்களுடைய மெமரி கார்டு ஒன்றும், லேப்டாப் இருந்தால் அதுவும் கையோடு வரட்டும். விற்கிறவரிடம் முதல் கேள்வி, "அண்ணா, இது கல்யாணம் பார்த்த பாடியா, வீட்டுல இருந்ததா?" பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். இந்த வகை பாடிகளின் ஷட்டர் ஏறக்குறைய ஒரு லட்சம் படம் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்று வைத்தால் ஐம்பது கல்யாணத்தில் லட்சம் முடிந்துவிடும். நிக்கானில் கடைசியாக எடுத்த ஜேபெக் படத்தின் எக்ஸிஃப் தகவலைத் திறந்தாலே ஷட்டர் கவுண்ட் தெரியும். கேனன் அதைப் படத்தில் எழுதுவதில்லை. கேபிளில் இணைத்து மென்பொருள் வழியாகவோ சர்வீஸ் சென்டரிலோதான் பார்க்க வேண்டும். பார்க்க வழியில்லாவிட்டால் உடம்பைப் பாருங்கள். ஹாட்ஷூவின் பெயின்ட் உரிந்திருந்தால் ஃபிளாஷ் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. பிடிமான ரப்பர் உப்பியிருந்தால் வியர்வையில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. அடித்தட்டு ஸ்குருக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

பேட்டரி அறையைத் திறந்து தொடுமுனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே போனதன் அடையாளம் அது. வெள்ளம் புகுந்த ஊர்களிலிருந்தும் கடலோர ஊர்களிலிருந்தும் வரும் கேமராக்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பூத்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

நம் ஊரில் லென்ஸின் முதல் எதிரி ஃபங்கஸ். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போனின் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். நான்கைந்து தூசிப் பொட்டு இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி இழை மாதிரி கிளை விட்ட கோடுகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் வடு நிற்கும். கண்ணாடி முழுக்கப் புகை படர்ந்ததுபோல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சென்சாருக்கு, அப்பர்ச்சரை எஃப் 16க்குக் குறைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் தூசி. புளோவரால் ஊதினால் போவதும் உண்டு, சர்வீஸில் சுத்தம் செய்ய வேண்டியதும் உண்டு. எத்தனை புள்ளி என்பதை வைத்து விலை பேசலாம். பிறகு மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600இல் ஒரு படம் எடுங்கள். கறுப்பில் சிவப்பும் நீலமுமாக நிறையப் புள்ளிகள் மின்னினால் வேறு பாடியைத் தேடுங்கள்.

ஆட்டோஃபோகஸைச் சோதிக்க ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, எஃப் 1.8இல் ஒரு தலைப்பின் நடு எழுத்தில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது அதே எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி கூர்மையாக இருந்தால் லென்ஸுக்கும் பாடிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆரம்பநிலை பாடிகளில் அதைச் சரிசெய்ய மெனு கிடையாது. கடைசியாகத் தொடர்ச்சியாக முப்பது நாற்பது படம் எடுங்கள், பாப்-அப் ஃபிளாஷைத் திறந்து மூடுங்கள், எல்லா பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். கேனனில் எர்ரர் 01 வந்தால் லென்ஸ் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பாருங்கள். மீண்டும் வந்தால் வாங்காதீர்கள்.

பில் கேளுங்கள். பாடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லே இல்லை என்றால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். விற்கிறவரின் அடையாள அட்டை நகலோடு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள். கடையில் வாங்கினால் ஒரு வாரம் செக்கிங் வாரண்டி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த வாரம் முழுக்கக் கேமரா உங்கள் கையிலேயே இருக்கட்டும், வெயிலிலும் இரவிலும் நிறையப் படம் எடுங்கள்.

மிச்சப் பணம்

30,000இல் பாடியும் கிட் லென்ஸும் சேர்த்து 17,000 அல்லது 18,000க்குள் முடியட்டும். பிரைமுக்கு 7,000 முதல் 8,000. மீதி ஐந்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது. இரண்டாவது பேட்டரி கட்டாயம். கேனன் 1100டியிலிருந்து 1500டி வரை எல்பி-இ10 ஒன்றே பொருந்தும். நிக்கான் டி3100இலிருந்து டி3500 வரை இஎன்-இஎல்14 வகை. நண்பர்களிடம் பேட்டரியும் இரவல் வாங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். மெமரி கார்டில் போலி அதிகம், தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். 32 ஜிபி போதும், 24 மெகாபிக்சல் ரா படமே ஆயிரத்தை ஒட்டி அடங்கும். ரா படங்களைத் திருத்த டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். ஒரு புளோவர் வாங்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். மலிவு டிரைபாடும் மலிவு யூவி ஃபில்டரும் வேண்டாம். முன்னது காற்றுக்கே ஆடும், பின்னது எதிர்வெளிச்சத்தில் படத்தை வெளிறடிக்கும்.

கேமராவைப் பையிலேயே மூடி வைக்காதீர்கள், பைத்துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பதமானி. ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், வெறும் வாணலியில் மிதமான சூட்டில் மறுபடி நீலமாகும்வரை வறுத்து, ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.